ஊருக்கும் வயதுண்டு

மனிதனுக்கு வயது உண்டு என்பதை அனைவரும் அறிவோம். ஓர் ஊருக்கும், ஒரு நாட்டுக்கும், ஒரு சமுதாயத்துக்கும் அவ்வாறே வயது உண்டு. அவ்வூர் தோன்றி எத்தனை நூற்றாண்டு ஆயிற்று என்பது அதன் பழமை. அங்கு வாழ்வோருள் குழந்தைகள் எத்தனை பேர், உழைக்கும் வயதினர் எத்தனை பேர், முதியோர் எத்தனை பேர் என்னும் கணக்கே அதன் வயது. இதனை மக்கள்தொகை நூலார் 'வயதுக் கட்டமைப்பு' என்பர்.

சமண முனிவர்கள் அருளிய நாலடியார், செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்னும் மூன்றையும் முதல் மூன்று அதிகாரங்களாக வைத்துள்ளது. தனி மனிதரின் இளமையைப் போலவே ஒரு சமுதாயத்தின் இளமையும் நிலையாதது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சமுதாயத்தின் மூப்பு இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே கணக்கில் தெரிந்துவிடும். கணக்கைப் பார்ப்பவர்கள் ஆயத்தம் செய்துகொள்ளலாம். அதற்கான பாடமே இக்கட்டுரை. இல்லத்தில் பெரியோரும் பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து, ஒரு தாளும் எழுதுகோலும் கையில் வைத்துக்கொண்டு இதனைப் படிக்க வேண்டுகிறேன்.

மூன்று பிரிவுகள்

மக்களை மூன்று பிரிவாகப் பகுத்துக்கொள்வது வழக்கம். பிறப்பு முதல் 14 வயது வரை குழந்தைப் பருவம். 15 முதல் 59 வரை உழைக்கும் பருவம். 60-உம் அதற்கு மேலும் முதுமைப் பருவம். முதற் பிரிவினரும் மூன்றாம் பிரிவினரும் பெரும்பாலும் நடுப்பிரிவினரின் உழைப்பைச் சார்ந்து வாழ்வர்.

இதனைப் படமாக வரையலாம். தாளின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு இடுக. அடியிலிருந்து மேலாக ஐந்தைந்து வயதுக்கு ஒரு படி வைத்து, இடப்புறம் ஆண்களின் தொகையையும் வலப்புறம் பெண்களின் தொகையையும் பட்டைகளாக வரைக. பிறப்பும் இறப்பும் மிகுந்த நாட்டில் அப்படம் கோயிற் கோபுரம் போல் அமையும். அடி அகன்று, மேலே செல்லச் செல்லக் குறுகும். பிறப்புக் குறைந்து ஆயுள் நீண்ட நாட்டில் அது குடம் போல் ஆகும்; அடி சிறுத்து, நடு பருத்து, கழுத்தும் முன்னைவிட அகன்றிருக்கும். கோபுரம் குடமாக மாறுவதே மக்கள்தொகையின் மூப்பு.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த மாற்றம்

தமிழ்நாட்டின் மக்கள்தொகை 1951இல் ஏறத்தாழ 3 கோடி. 2011இல் 7 கோடியே 21 லட்சம். தொகை பெருகியதை யாவரும் அறிவர். அதனுள்ளே வயது மாறியதைக் கவனித்தோர் சிலரே.

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 6 வயது வரையுள்ள குழந்தைகள் 72 லட்சம் பேர். 60 வயதைக் கடந்தோர் 55 லட்சம் பேர். 2011இல் அக்குழந்தைகள் 74 லட்சம். முதியோர் 75 லட்சம். பத்தே ஆண்டுகளில் குழந்தைகள் 2 லட்சம் கூடினர். முதியோர் 20 லட்சம் கூடினர். தொட்டிலில் கிடப்போர் முதல் ஒன்றாம் வகுப்பில் சேர்வோர் வரையான பிள்ளைகளைக் காட்டிலும் தாத்தா, பாட்டிமார் மிகுந்த நாடாகத் தமிழ்நாடு அப்பொழுதே ஆகிவிட்டது.

2011இல் இந்திய மக்களில் முதியோர் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு, கேரளத்தில் 12.6 விழுக்காடு. 2031இல் தமிழ்நாட்டு முதியோர் 18 விழுக்காட்டை எட்டுவர் என அரசின் வல்லுநர் குழு மதிப்பிட்டுள்ளது. அதாவது, ஏறக்குறைய ஐவருக்கு ஒருவர் முதியவர்.

இம்மாற்றத்தின் விரைவும் கருதத்தக்கது. பிரான்சு நாட்டில் 65 வயதைக் கடந்தோர் 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக உயர நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் அதே மாற்றம் 1970 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகளில் முடிந்தது. பிரான்சுக்கு வாய்த்த நீண்ட அவகாசம் நமக்கு வாய்க்கவில்லை.

காரணங்கள்

இம்மாற்றம் ஒரு நோயன்று. நல்ல செயல்கள் பலவற்றின் விளைவு. 1971இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளில் 113 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2020இல் அவ்வெண் 13 ஆகக் குறைந்தது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்னும் உறுதி பெற்ற தாய், ஆறும் ஏழும் பெற வேண்டியதில்லை என்று எண்ணலானாள். 1971இல் ஒரு தாய்க்குச் சராசரி 3.9 குழந்தைகள், 1991இல் 2.2, 2011இல் 1.7. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்ப வேண்டுமாயின் சராசரி 2.1 வேண்டும். தமிழ்நாடு அவ்வெல்லைக்குக் கீழே இறங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

குடும்ப நலத் திட்டத்தில் சென்னை மாநிலம் 1950களிலேயே முன்நின்றது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து, பின்னர் இம்மாநிலத்தின் தலைமைச் செயலராகப் பணியாற்றிய ஆர். ஏ. கோபாலசுவாமி இதில் பெரும் ஊக்கம் காட்டியவர். பெண்கல்வி பரவியது; பள்ளிகளில் மதிய உணவு 1956இலும், சத்துணவு 1982இலும் வந்தன; ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெருகின. ஆயுளும் நீண்டது. 1970களின் முற்பகுதியில் ஏறத்தாழ 50 ஆண்டுகளாக இருந்த சராசரி ஆயுள், 2014–18இல் 72 ஆண்டுகளாயிற்று.

ஆகவே இளையோர் குறைந்தனரே என்று வருந்துவோர், அன்று இறந்துபோன குழந்தைகளையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். உயிர் காத்தலை முதல் அறமாகக் கொண்ட நாம் மகிழத்தக்க மாற்றம் இது. அதன் பின்விளைவைப் பொறுப்புடன் ஏற்பதும் நம் கடமையாகும்.

நம் சமுதாயத்தின் நிலை

நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவான இம்மாற்றம் ஜைன சமுதாயத்தில் முன்னதாகவே நிகழ்ந்தது. 2001 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 6 வயது வரையுள்ள குழந்தைகள் 15.9 விழுக்காடு, ஜைனரிடையே 10.6 விழுக்காடு மட்டுமே. பெருஞ்சமயத்தார் அனைவரிலும் இதுவே மிகக் குறைந்தது. அப்பெருஞ்சமயத்தாருள் கல்வியில் முதலிடம் பெற்றவர்களும் ஜைனரே. அவ்வாண்டில் எழுத்தறிவு 94.1 விழுக்காடு. கல்வி உயர்வும் சிறு குடும்பமும் இணைந்து நடப்பதற்கு இது சான்று.

2001 முதல் 2011 வரை இந்திய மக்கள்தொகை 17.7 விழுக்காடு வளர்ந்தது. ஜைனர் தொகை 5.4 விழுக்காடே வளர்ந்து 44 லட்சத்து 51 ஆயிரம் ஆயிற்று. தமிழ்நாட்டில் ஜைனர் 83,359 பேரிலிருந்து 89,265 பேராயினர். இத்தொகையில் இராசத்தானம், குசராத்து முதலிய பகுதிகளிலிருந்து வந்து நகரங்களில் குடியேறிய வணிகக் குடும்பத்தாரும் அடங்குவர். தொன்றுதொட்டு இம்மண்ணில் ஏர் பிடித்து வாழும் தமிழ் ஜைனர்களின் வயதுக் கணக்கை அரசு அட்டவணை தனியே காட்டுவதில்லை. அதனை நாமே எடுத்தால்தான் உண்டு.

குழந்தைகளைப் பற்றி மற்றொன்றையும் கூற வேண்டும். 2001இல் இந்திய ஜைனரிடையே 1000 ஆண் குழந்தைகளுக்கு 870 பெண் குழந்தைகளே இருந்தனர். கருவிலேயே பெண்ணை விலக்கும் கொடுமை, எறும்பையும் மிதிக்க அஞ்சும் சமுதாயத்திலும் நுழைந்ததோ என்று அஞ்ச வைக்கும் எண் இது. வயதுக் கட்டமைப்பின் அடிப்படி ஏற்கெனவே சிறுத்திருக்க, அதில் பெண்கள் பாதியும் இல்லையெனில் அடுத்த தலைமுறை மேலும் சுருங்கும்.

பார்சி சமுதாயத்தார் நமக்கு ஓர் எச்சரிக்கை. கல்வியிலும் தொழிலிலும் சிறந்த அவர்கள் 2001இல் 69,601 பேர். 2011இல் 57,264 பேர். தொகை இவ்வளவு குறைந்த பின்னரே, 2013இல், அவர்களுக்கென 'ஜியோ பார்சி' என்னும் திட்டத்தை மைய அரசு தொடங்கியது.

சிற்றூரின் வயது

ஒரு மாநிலத்தின் வயதைப் பிறப்பும் இறப்பும் பெரிதும் முடிவு செய்கின்றன. சிற்றூரின் வயதை முடிவு செய்வது அவற்றினும் மேலாகக் குடிபெயர்வே. கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களாயினும், செஞ்சி, ஆரணி, வந்தவாசிப் பக்கத்து ஊர்களாயினும் நிலைமை ஒன்றே. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறான். கல்லூரிக்காக வெளியூர் செல்கிறான். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ கிடைக்கிறது. திருமணத்துக்குப் பின் குடும்பமும் அங்கேயே அமைகிறது. பெண்பிள்ளைகளும் இன்று அவ்வாறே. நெல்லும் மணிலாவும் விளைந்த நிலம் குத்தகைக்குப் போகிறது. ஊரில் எஞ்சுவோர் பெற்றோர்.

இவ்வூர்களின் படத்தை வரைந்தால் கோபுரமும் வாராது, குடமும் வாராது. இடை ஒடுங்கிய உடுக்கை வடிவமே வரும். அதிலும் மேற்பகுதி பெரிது, கீழ்ப்பகுதி சிறிது. திருவிழா நாளில் ஊர் நிறைந்திருக்கும். விழா முடிந்த மாலையில் திண்டிவனம் வழியாகச் சென்னை செல்லும் பேருந்துகளில் நடுப்பகுதி முழுவதும் ஏறிச் சென்றுவிடும்.

எஞ்சிய முதியோரில் பெண்களே மிகுதி. 2011இல் இந்திய முதியோரில் பெண்கள் 5.3 கோடி, ஆண்கள் 5.1 கோடி. மனைவி கணவனைவிட இளையவளாயிருப்பதாலும், பெண்களின் ஆயுள் சற்று நீண்டிருப்பதாலும், இறுதி ஆண்டுகளைத் தனிமையில் கழிப்பவர் பெரும்பாலும் பாட்டியே. நிலப்பட்டாவும் வங்கிக் கணக்கும் கணவர் பெயரிலேயே இருந்த இல்லங்களில் அவரது இடர்ப்பாடு இரட்டிப்பாகும்.

ஜினாலயத்தின் நிலையும் இதனோடு பிணைந்தது. நாள்தோறும் திருவிளக்கேற்றவும் அபிடேகம் செய்யவும் உபாத்தியாயர் வேண்டும். அவருடைய மைந்தர்களும் வேறு பணிகளுக்குச் செல்கின்றனர். மேல்சித்தாமூர் போன்ற பெருந்தலங்களுக்கு வெளியூர் அன்பர்கள் வருவர். பத்துக் குடும்பங்களே உள்ள ஊரின் கோயிலுக்கு அவ்வூரின் வயதே துணை. அவ்வூரின் வயதே இடர்.

கணக்கிடும் முறை

இனி எழுதுகோலை எடுத்துக்கொள்க. 100 பேர் வாழும் ஓர் ஊரைக் கற்பனை செய்வோம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் குழந்தைகள் 40, உழைப்போர் 54, முதியோர் 6 என்று கொள்க. சார்ந்திருப்போர் 40 + 6 = 46 பேர். 46ஐ 54ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 85 வரும். உழைப்போர் 100 பேருக்குச் சார்ந்திருப்போர் 85 பேர் என்பது பொருள். இதுவே 'சார்பு விகிதம்'.

இன்று அதே ஊரில் குழந்தைகள் 12, உழைப்போர் 58, முதியோர் 30 என்று கொள்க. சார்ந்திருப்போர் 42. 42ஐ 58ஆல் வகுத்து 100ஆல் பெருக்க, ஏறத்தாழ 72 வரும்.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். சார்பு விகிதம் 85இலிருந்து 72 ஆகக் குறைந்துள்ளது! சுமை குறைந்துவிட்டது என்று ஒரு மாணவன் விடை எழுதினால் கணக்கு சரி, கருத்து சரியன்று. அன்று சார்ந்திருந்த 46 பேரில் 40 பேர் குழந்தைகள். பத்து, பதினைந்து ஆண்டுகளில் அவர்கள் உழைப்போர் ஆயினர். இன்று சார்ந்திருக்கும் 42 பேரில் 30 பேர் முதியோர். அவர்களுக்குச் செய்யும் பணி ஆண்டுதோறும் கூடிக்கொண்டே செல்லும். அன்று பள்ளியும் பால்பொடியும் தேவைப்பட்டன. இன்று இரத்த அழுத்த மாத்திரையும், கண் அறுவையும், கைப்பிடி வைத்த குளியலறையும், இரவில் அழைத்தால் வரும் ஒரு துணையும் தேவைப்படுகின்றன. மேலும், நாம் எண்ணிய 58 பேரில் எத்தனை பேர் உண்மையில் ஊரில் உறங்குகின்றனர்? குடும்ப அட்டையில் பெயர் இருந்து ஆள் நகரத்தில் இருந்தால், அவரைக் கழித்தே கணக்கிட வேண்டும். 58இல் 28 பேர் வெளியூரில் இருப்பின், ஊரில் இருப்போர் 30 உழைப்போர், 30 முதியோர். ஒருவருக்கு ஒருவர்.

வயதைச் சரியாகச் சொல்லுதல்

கணக்கின் நேர்மை, சொல்லும் வயதின் நேர்மையைப் பொறுத்தது. நம் நாட்டில் வயதைக் கேட்டால் 'ஐம்பது இருக்கும்', 'அறுபத்தைந்து இருக்கும்' என்று 0-இலும் 5-இலும் முடியும் எண்ணாகச் சொல்வது வழக்கம். இவ்வாறு திரளும் வயதுகளை அளக்க 'விப்பிள் குறியெண்' என்னும் அளவையே வகுத்துள்ளனர்.

முதியோர் பலரின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த நாள் மே மாதமாகவோ சூன் மாதமாகவோ இருப்பதைக் காணலாம். வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடக்காதைத் தொட்ட பிள்ளைக்கு வயது ஐந்து நிறைந்தது என்று கொண்டு, பள்ளி திறக்கும் நாளுக்கு ஏற்பத் தலைமையாசிரியர் எழுதிய தேதி அது. அத்தேதியே ஓய்வூதியத்துக்கும் ஆதாருக்கும் அடிப்படையாயிற்று. வீட்டில் பழைய சாதகக் குறிப்பு இருந்தால் எடுத்து, உண்மையான வயதைக் குடும்பக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நன்று.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்பு நாளாக மைய அரசு அறிவித்துள்ளது. கணக்கெடுப்பாளர் வரும்பொழுது சமயம் என்னும் வினாவுக்கு 'ஜைனம்' என்று தெளிவாகக் கூறுக. அவ்வாறே எழுதப்பட்டதா என்றும் கேட்டறிக. 2014 சனவரியில் ஜைனர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்றனர். எண்ணிக்கையில் இடம்பெறாதவருக்கு அதன் பயன் சேராது. வீட்டில் தனித்திருக்கும் முதியோரிடம் இதனை முன்கூட்டியே விளக்கி வைப்பது பிள்ளைகளின் கடமை.

நாம் செய்யத்தக்கவை

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரம், அகத்தவம் ஆறனுள் 'வையாவிருத்தியம்' என்னும் தொண்டினையும் ஒன்றாக வைத்துள்ளது. துறவியர்க்கும் பிணியுற்றோர்க்கும் செய்யும் பணிவிடை அது. உண்ணாநோன்பு புறத்தவம், பணிவிடையோ அகத்தவம் என்னும் பகுப்பு நம் சிந்தனைக்குரியது. இல்லறத்தார் இதனைத் தம் ஊர் முதியோரிடம் தொடங்கலாம்.

முதலாவது, ஊர்தோறும் ஒரு வயதுப் பதிவேடு. ஜினாலயத்தில் ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு குடும்பத்தாரின் பெயர், பிறந்த ஆண்டு, ஊரில் இருக்கிறாரா வெளியூரிலா, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்னும் நான்கையும் எழுதுக. ஆண்டுக்கொரு முறை மகாவீரர் செயந்தியன்று திருத்துக.

இரண்டாவது, உணவு. கதிரவன் மறையுமுன் உண்பதும், கிழங்கு வகைகளை நீக்குவதும், நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுவதும் நம் பெரியோர் வாழ்நாள் முழுவதும் காத்த விரதங்கள். பொது முதியோர் இல்லங்களில் இரவு எட்டு மணிக்கு உணவு பரிமாறுவர். விரதத்தை விட வேண்டும், அல்லது பட்டினி கிடக்க வேண்டும் என்னும் நிலையில் எண்பது வயதினரை நிறுத்தலாகாது. அண்டை ஊர்கள் சில சேர்ந்து, மாலை ஐந்து மணிக்குள் முதியோர் இல்லங்களுக்கு உணவு கொண்டு சேர்க்கும் ஒரு பொதுச் சமையலறையை நடத்தலாம். வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் கோயில் திருப்பணிக்கு வழங்குவதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் போதும்.

மூன்றாவது, அரசு தரும் வசதிகளை அறிதல். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகள் இல்லத்துக்கே வருகின்றன. முதியோர் உதவிக்கு 14567 என்னும் தொலைபேசி எண் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் இயற்றப்பெற்றது. அதன்படி, பராமரிக்கப்படாத பெற்றோர் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதித் தந்த தானப் பத்திரத்தை, நிபந்தனை மீறப்பட்டால் நீக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றும் பெரியோர், அந்நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதச் செய்வது அறிவுடைமை.

நான்காவது, முதியோரைச் சுமையென்று மட்டும் எண்ணாமை. அறுபது வயதில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கும், அலுவலருக்கும், உழவருக்கும் இன்னும் பதினைந்து ஆண்டு நற்பணி எஞ்சியுள்ளது. ஊரில் 12 குழந்தைகளே இருப்பினும், அவர்களுக்கு ஆகமமும் தமிழும் கற்பிக்க 30 பெரியோர் இருக்கின்றனர். பழைய தலைமுறைகளுக்கு வாய்க்காத பேறு இது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பாடசாலை நடத்த இதனினும் நல்ல காலம் வேறில்லை. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொள்க.

குழந்தைகளைப் பெருக்குக என்று எவரையும் வற்புறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது கணவன் மனைவி இருவரின் முடிவு. இன்று இருப்போரை, பிறந்த பெண்மகவு முதல் எண்பது வயதுப் பாட்டி வரை, ஒருவரும் விடுபடாமல் எண்ணுவதும், எண்ணியபின் பேணுவதும் நம் கையில் உள்ளன.

பயிற்சி

1. உங்கள் குடும்பத்தில், தாத்தா தலைமுறை முதல் இன்றைய தலைமுறை வரை, ஒவ்வொரு தாயும் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையை வரிசையாக எழுதுக.

2. உங்கள் ஊர் ஜைனக் குடும்பங்களை மூன்று வயதுப் பிரிவாக எண்ணிச் சார்பு விகிதம் காண்க. வெளியூரில் இருப்போரை நீக்கி மீண்டும் காண்க. இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. தனித்து வாழும் முதியோர் உங்கள் தெருவில் எத்தனை பேர்? அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்?

4. பெரியோர் ஒருவரிடம் அவர் பள்ளியில் சேர்ந்த வரலாற்றைக் கேட்டு, சான்றிதழில் உள்ள வயதையும் உண்மை வயதையும் ஒப்பிடுக.

5. உங்கள் ஜினாலயத்தில் வயதுப் பதிவேட்டைத் தொடங்க யார் யாரை அணுகலாம் என்று பெயர் குறித்து, வரும் பௌர்ணமிக்குள் ஒருவரையேனும் கண்டு பேசுக.

அறம் வளர்க! அருகன் நெறி ஓங்குக!